திருப்பிக் கொடுத்த நாற்பதாயிரம்

"ஆசைப்பட்டிருப்பாங்க, அதான் போயிடுச்சு." பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், என் பெரியம்மா மகன் வீட்டில் நாற்பதாயிரம் ரூபாய் போனது தெரிந்த அன்று டீக்கடையில் பேசிக்கொண்டது இதுதான். அந்தப் பேச்சு இன்னமும் என் மனதை அறுக்கிறது. அண்ணனும் அண்ணியும் ஒரு ரூபாய்கூட அதிகம் வேண்டும் என்று நினைத்தவர்கள் இல்லை. யாரோ ஒருவரின் பணம் தங்கள் கணக்கில் கிடக்கிறதே என்று பதறி, இருட்டுவதற்குள் திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியதுதான் போனது.

நான் தர்மபுரியில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதில் பதினோரு வருடம், செக்குகளைப் பாஸாக்க அனுப்புகிற கிளியரிங் மேசையில் உட்கார்ந்தேன். செக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதியை அந்த அண்ணனுக்குச் சொல்லி வைத்திருந்தால்கூட இது நடந்திருக்காது. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன். அண்ணனும் அண்ணியும் எழுதச் சொன்னார்கள். பெயர்களையும், வங்கியையும், விளம்பரம் போட்ட தளத்தையும் மட்டும் விட்டுவிடுகிறேன்.

விளம்பரமும் ஐந்து அழைப்புகளும்

விற்க வைத்தது ஒரு பவர் டில்லர், கைப்பிடியைப் பிடித்து நடந்தபடி உழுகிற சின்ன மெஷின். மானியம் எதுவும் இல்லாமல் சொந்தப் பணத்தில் வாங்கியது. ஏழு வருடம் தக்காளிக் கொல்லையில் உழைத்தது. அண்ணனுக்குத் தோள்பட்டை வலி வந்த பிறகு அதன் கைப்பிடி அதிர்வைத் தாங்க முடியவில்லை. உழவுக்கு வாடகை டிராக்டர் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் மகன், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு மூன்று படங்களோடு இணையத்தில் விளம்பரம் போட்டான். விலை 1,05,000 ரூபாய். தொடர்பு எண் அப்பாவுடையது. 2024 ஆனி மாதக் கடைசி வாரம் அது.

வியாழன் மதியத்துக்குள் ஐந்து பேர் கூப்பிட்டார்கள். ஒருவர் எடுத்த எடுப்பில் எழுபதுக்குத் தருவீர்களா என்றார். பென்னாகரத்துக்காரர் ஒருவர் எஞ்சினை ஓடவிட்டு வீடியோ அனுப்பச் சொன்னார். இன்னொருவர் பெல்ட், ரோட்டரி கத்தி, ஆயில் கசிவு என்று கால் மணி நேரம் குடைந்தார். நான்காமவருக்குத் தவணையில் வேண்டுமாம்.

ஐந்தாவது ஆள் எதையும் கேட்கவில்லை. "விலை சரிதாங்கண்ணா, எடுத்துக்கறோம்" என்று மட்டும் சொன்னார்.

நம் பக்கத்தில் அப்படி வாங்குகிற ஆளை யாராவது பார்த்திருக்கிறீர்களா? போச்சம்பள்ளி சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒருவர் விலை பேசுவாரா? துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து நூறுக்கும் இருநூறுக்கும் மல்லுக்கட்டிய தரகர்களைப் பார்த்து வளர்ந்தவர் அண்ணன். அவருக்கே ஒரு நிமிடம் என்னவோ போலத்தான் இருந்ததாம். ஆனால் அந்த ஆள் தன் காரணத்தையும் கூடவே சொல்லிவிட்டார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியின் தென்னந்தோப்புக்கு மேனேஜராம். முதலாளி பெங்களூரில் இருக்கிறாராம். பணம் கம்பெனியுடையது, அதனால் தனக்குப் பேரம் பேசத் தேவையில்லையாம். கேட்கிறவருக்கு நியாயமாகத்தான் படும்.

பிறகு பாஸ்புக் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். "எங்க அக்கவுண்ட்ஸ்ல செக்காத்தான் போடுவாங்கண்ணா, அதுக்குத்தான்." அண்ணன் அனுப்பினார்.

நான் மட்டும் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் இந்த இடத்திலேயே பிடித்திருப்பேன். பாஸ்புக் முதல் பக்கத்தில் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் இருக்கின்றன. ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் பணம் அனுப்புகிற நெஃப்ட் முறைக்கு அவ்வளவுதான் வேண்டும். 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் ராத்திரி பகல், ஞாயிறு பண்டிகை எதுவும் பார்க்காமல் ஓடுகிறது. கணக்கு விவரம் முழுவதையும் கையில் வாங்கிக்கொண்ட பிறகும் ஒருவர் "செக்தான் போடுவேன்" என்றால், பணம் வந்ததற்கும் வராததற்கும் நடுவில் ஒரு இடைவெளி அவருக்குத் தேவைப்படுகிறது என்று அர்த்தம். நேர்மையான கம்பெனிகளும் செக் கொடுப்பது உண்டுதான். அவர்கள் அது பாஸாகும்வரை காத்திருக்கச் சொன்னால் காத்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை நாலரை மணி

வெள்ளி மாலை நாலரை மணி வாக்கில் அண்ணனின் பட்டன் போனுக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. உண்மையான வங்கிச் செய்திதான், போலி இல்லை. கோவைப் பக்கத்துக் கிளை ஒன்றில் அவர் கணக்கில் 1,45,000 ரூபாய்க்கு ஒரு செக் போடப்பட்டிருந்தது. மகன் வாங்கிக் கொடுத்த இன்னொரு போனில், வாட்ஸ்அப்பில், வங்கி முத்திரை குத்திய சலான் துண்டின் படமும் வந்தது.

அந்தக் குறுஞ்செய்தியை மறுநாள் நான் என் கையில் வாங்கிப் பார்த்தேன். அந்தச் சின்னத் திரையில் ஒரு தடவைக்கு நாலு வரிதான் தெரியும். கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்கள், செக் எண், தொகை, டெபாசிட் ஆனது என்ற வார்த்தை, இவ்வளவும் முதல் நாலு வரியில் வந்துவிட்டன. கீழ் அம்பை அழுத்தினால்தான் ஐந்தாவது வரி வரும். அதில் இருந்தது "சப்ஜெக்ட் டு ரியலைசேஷன்." செக் பாஸானால்தான் பணம் என்று பொருள். அண்ணன் கீழ் அம்பை அழுத்தவில்லை. அழுத்தியிருந்தாலும் அந்த ஆங்கிலம் அவருக்கு என்ன சொல்லியிருக்கும்? எந்த வரி மிக முக்கியமோ அதைக் கடைசியில், வாடிக்கையாளருக்குப் புரியாத மொழியில் வைத்து அனுப்புகிறார்கள். இதை நான் வேலையில் இருந்தபோதே மேலே எழுதிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

சலான் முத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் கையால் ஆயிரக்கணக்கில் குத்தியிருக்கிறேன். இந்தத் தாளை வாங்கிக்கொண்டோம் என்பதைத் தவிர அந்த முத்திரை வேறு எதையும் சொல்வதில்லை. செக் நல்லதா, கையெழுத்து சரியா, அந்தக் கணக்கில் பணம் இருக்கிறதா என்பதெல்லாம் வாங்குகிற கவுண்டருக்குத் தெரியாது. யார் வேண்டுமானாலும் யாருடைய கணக்கில் வேண்டுமானாலும் செக் போடலாம். கணக்கு எண் தெரிந்தால் போதும்.

ஐந்தே கால் மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். குரல் உடைந்து போயிருந்ததாம். டில்லருக்கு 1,05,000 எழுத வேண்டிய இடத்தில், வேறு இரண்டு மெஷினுக்கான லாரி வாடகை நாற்பதாயிரத்தையும் சேர்த்து எழுதிவிட்டார்களாம். லாரிக்காரர் பணம் வராமல் நகர மாட்டேன் என்று நிற்கிறாராம். நாளை இரண்டாவது சனிக்கிழமை, வங்கி இல்லை. திங்கள்வரை போனால் முதலாளி தன் சம்பளத்தில் பிடித்துவிடுவாராம். "உங்க கணக்குல வந்துடுச்சில்லங்கண்ணா, அந்த நாற்பதை மட்டும் இந்த நம்பருக்கு ஜிபே பண்ணி விடுங்க."

அண்ணன் மகனுக்குப் போன் போட்டார். அவன் இரண்டாவது ஷிஃப்டில் இருந்தான். உள்ளே போன் எடுத்துப்போக அனுமதி இல்லை. எனக்குப் போடத் தோன்றவில்லை. அண்ணிதான் முடிவைச் சொன்னார். அந்த வார்த்தையை அவர் இன்றுவரை மாற்றிச் சொன்னதில்லை. "அடுத்தவங்க காசு ராத்திரி நம்மகிட்ட தங்க வேணாங்க. அனுப்பிடுங்க."

அண்ணன் கணக்கில் அப்போது தக்காளி விற்ற பணம் 62,000 இருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துக் கொடுக்க, இருபது இருபதாக இரண்டு தடவை அனுப்பினார்கள். அனுப்புவதற்கு முன் ஆப்பில் இருப்பு எவ்வளவு என்று ஒரு தடவை தட்டியிருந்தால் 62,000தான் காட்டியிருக்கும். செக் பணம் நிஜமாகவே வந்திருந்தால் இரண்டு லட்சத்து ஏழாயிரம் காட்டியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை வந்த குட்டியானை

மறுநாள் காலை பத்தரை மணிக்கு டில்லரை ஏற்ற ஒரு குட்டியானை வந்தது. ஓட்டுநர் தர்மபுரிக்காரர். யாரோ போனில் சவாரி சொன்னார்கள், வாடகை இறக்குகிற இடத்தில் தருவார்கள் என்றார். அவரைக் களி சாப்பிட உட்கார வைத்த அண்ணி, எங்கே இறக்கப் போகிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார்.

"சேலம் பைபாஸ்ல இறக்கிட்டு வந்துடச் சொன்னாங்கக்கா. வேற வண்டி வந்து எடுத்துக்குமாம்."

தோப்புக்குப் போகிற மெஷினை ஏன் பைபாஸில் இறக்க வேண்டும்? அண்ணிக்குத் தட்டியது. அடுப்படியிலிருந்தே எனக்குப் போன் செய்தார். "பாப்பா, செக்குப் பணம் வந்துடுச்சுன்னா அது வந்ததுதானே?" அந்தக் கேள்வியிலேயே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மெஷினைத் தொட விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போனேன். ஓட்டுநரும் எங்களைப் போல ஏமாற்றப்பட்டவர்தான். அவருக்கு டீசல் காசு கொடுத்து அனுப்பினோம்.

மெஷின் தங்கியது. அதற்குக் காரணம் என் பதினோரு வருட அனுபவம் இல்லை. எட்டாவதுவரை படித்த அண்ணி ஓட்டுநரிடம் கேட்ட ஒரு கேள்விதான்.

வீட்டை எட்டியதும், சைபர் மோசடிகளைப் புகார் செய்வதற்கான 1930 எண்ணுக்கு அழைத்தோம். பணம் போய்ப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த எண்ணில் புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்லி வங்கிகளுக்குத் தகவல் போகும். அதில் மிச்சம் இருப்பது மட்டும் தப்பும். எங்களுக்குத் தப்பியது 9,500 ரூபாய். மீதி அதற்குள் வேறு வேறு கணக்குகளுக்குக் கைமாறி ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருந்தது. அந்தக் கணக்கும் வடமாநிலத்தில் யாரோ ஒருவர் பெயரில் இருந்தது. கமிஷனுக்குத் தன் கணக்கை இரவல் கொடுத்த ஆளாக இருக்க வேண்டும். முடக்கிய 9,500ஐத் திரும்ப வாங்க நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது. அதற்கு அண்ணன் எத்தனை நாள் தக்காளி பறிப்பை விட்டுவிட்டு அலைந்தார் என்பதை எண்ணவே மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமை இரவே அழைத்திருந்தால் கூடுதலாக மிஞ்சியிருக்கலாம். ஏமாந்துவிட்டோம் என்ற சந்தேகம் வந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள். வீட்டில் திட்டுவார்களே, ஊரில் சிரிப்பார்களே என்று யோசிக்கிற அரை மணி நேரத்தில்தான் பணம் கைமாறுகிறது. புகாரை சைபர்கிரைம்.ஜிஓவி.இன் தளத்திலும் பதியலாம்.

செவ்வாய்க்கிழமை வந்த தாள்

வெள்ளி மாலை கவுண்டரில் வாங்கிய செக் திங்கள்கிழமை கிளியரிங்கில் போனது. இப்போதெல்லாம் செக் தாள் ஊர் ஊராகப் பயணம் செய்வதில்லை. போட்ட கிளையிலேயே ஸ்கேன் செய்து படத்தை அனுப்புகிறார்கள். பணம் தர வேண்டிய வங்கி அந்தப் படத்தைப் பார்த்துக் கையெழுத்து, இருப்பு, கணக்கின் நிலை எல்லாவற்றையும் சரிபார்த்துப் பதில் சொல்லும். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. கணக்கு மூடப்பட்டது. காரணம் எழுதிய ரிட்டர்ன் மெமோ என்ற தாளோடு, செக் திரும்பியதற்கான கட்டணத்தையும் அண்ணன் கணக்கிலேயே பிடித்தார்கள்.

எப்போதோ மூடிய கணக்கின் மிச்சத் தாள் ஒன்றை வைத்து, வெள்ளி மாலையிலிருந்து செவ்வாய்வரை நான்கு நாள் அவகாசத்தை அவர்கள் உண்டாக்கிக்கொண்டார்கள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி விடுமுறை என்பது 2015 செப்டம்பரிலிருந்து நாடு முழுக்க உள்ள வழக்கம். அதைக் கணக்குப் போட்டுத்தான் வெள்ளி மாலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

செக் திரும்பினால் 138வது பிரிவில் வழக்குப் போடலாமே என்று பலர் கேட்டார்கள். 1881ஆம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் அந்தப் பிரிவு வலுவானதுதான். செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் விட வேண்டும், கையில் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. ஆனால் அது முகமும் முகவரியும் தெரிந்த வியாபாரிக்கு உதவுகிற சட்டம். இங்கே செக்கில் இருந்த பெயருக்கும் போனில் பேசிய குரலுக்கும் சம்பந்தமே இல்லை. தர்மபுரியில் நாங்கள் பார்த்த வழக்கறிஞர், மோசடிப் புகாராகவே கொண்டுபோகச் சொன்னார். அந்த ஜூலை முதல் தேதியில்தான் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்திருந்தது. பழைய 420வது பிரிவின் இடத்தில் இப்போது 318 இருக்கிறது.

மெஷினையும் ஏற்றிப் போயிருந்தால் நஷ்டம் ஒன்றரை லட்சத்தை நெருங்கியிருக்கும்.

அமெரிக்காவில் இதே தந்திரம் இன்னும் கொடூரமாக நடக்கிறது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பிள்ளைகளை அங்கே அனுப்பிய வீடுகள் நிறைய இருப்பதால் சொல்கிறேன். செக் போட்ட சில நாளில் வாடிக்கையாளர் அந்தப் பணத்தை எடுக்க விட வேண்டும் என்று அங்கே 1987ஆம் வருடத்திலிருந்து சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த செக் போலி என்று தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் பழைய சோஃபா விற்ற மாணவர், கணக்கில் தெரிகிற பணத்தை நிஜமாகவே எடுத்து, "அதிகமாக வந்ததை" அனுப்பிவிடுவார். பிறகு செக் திரும்பும். வங்கி முழுத் தொகையையும் அவரிடமே வசூலிக்கும். வங்கியே எழுதித் தருகிற கேஷியர்ஸ் செக் என்றால் பயமில்லை என்று அங்கே நினைப்பார்கள், அதையும் அச்சடித்துவிடுகிறார்கள். நம் ஊரில் பாஸாகாத செக் பணத்தைப் பெரும்பாலும் எடுக்க விடுவதில்லை. அதனால் இங்கே குறுஞ்செய்தியையும் முத்திரையையும் காட்டி, நம் சொந்தப் பணத்தை அனுப்ப வைக்கிறார்கள்.

இப்போது விற்கிறவர்களுக்கு

2025 அக்டோபர் 4ஆம் தேதியிலிருந்து செக் கிளியரிங் முறை மாறிவிட்டது. பகலில் குறித்த நேரத்துக்குள் போடுகிற செக்கின் படம் உடனுக்குடன் போகிறது. பணம் தர வேண்டிய வங்கி அன்று இரவு ஏழுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இது பெரிய நிம்மதி. ஆனாலும் இரண்டாவது, நான்காவது சனிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அந்த நேரம் தாண்டிப் போடுகிற செக்குக்குத் திங்கள்வரை இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. அந்த நேரத்தில் வருகிற செக்கை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

செக் கொடுத்தே தீருவேன் என்கிறவரிடம் சண்டை வேண்டாம். வாங்கிப் போடுங்கள், பொருளை மட்டும் கொடுக்காதீர்கள். உங்கள் கிளைக்கு நேரில் போய் "இந்த செக் பாஸாகிவிட்டதா, இந்தப் பணத்தை நான் இப்போது எடுக்கலாமா?" என்று கேளுங்கள். "பணம் வந்திருக்கா?" என்று கேட்டால் அவசரத்தில் இருக்கிற ஊழியர் திரையைப் பார்த்து "வந்திருக்கு" என்று சொல்லிவிடுவார். நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். எடுக்கலாமா என்று கேட்டால் பாஸாகாத தொகையைக் கழித்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டி வரும். டிடி என்கிற டிமாண்ட் டிராஃப்டும் அப்படித்தான். போலி டிடிகள் உலவுகின்றன, அதைக் கொடுத்த கிளையைக் கேட்டு உறுதி செய்யுங்கள். 2018 செப்டம்பர் 15க்குப் பிறகு எடுத்த டிடி என்றால் வாங்கியவர் பெயரும் அதன் முகப்பிலேயே இருக்க வேண்டும்.

அதிகமாகப் பணம் வந்திருக்கிறது, திருப்பி அனுப்பு என்று யாராவது சொன்னால், அது நிஜமாகவே வந்த பணமாக இருந்தாலும் அவர் சொல்கிற புது நம்பருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் கிளையில் எழுதிக் கொடுத்து, எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கே திரும்பச் செய்யுங்கள். வேறொருவரிடம் திருடிய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால், முதலில் முடங்குவது உங்கள் கணக்குதான். நாணயமானவர் இரண்டு நாள் காத்திருப்பார். அழுகிறவர், லாரி நிற்கிறது என்கிறவர், சம்பளத்தில் பிடிப்பார்கள் என்கிறவர் யாராக இருந்தாலும் இரண்டு நாள் காத்திருக்கட்டும். அதில் பாவம் ஒன்றும் இல்லை. அண்ணியிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அடுத்தவர் காசு ராத்திரி தங்கக்கூடாது என்ற அவர் மனசு பொன்னான மனசு, அதை ஒருநாளும் மாற்றிக்கொள்ள வேண்டாம். அந்தக் காசு உண்மையில் வந்து சேர்ந்திருக்கிறதா என்று வங்கி சொல்லட்டும், அதற்குப் பிறகு கொடுக்கலாம்.

பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை.

டில்லர் அந்த ஆவணியில் விற்றது. காரிமங்கலத்திலிருந்து வந்தவர் மூன்று நடை வந்தார். முதல் நடையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்தார், இரண்டாவது நடையில் மெக்கானிக்கைக் கூட்டி வந்தார், மூன்றாவதில் பேரம். 90,000க்கு ஒத்துக்கொண்டு, கொட்டகையில் நின்றபடியே நெஃப்டில் அனுப்பினார். அண்ணி பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு மகனின் வண்டியில் பாலக்கோடு போய் வரவு பதிந்து பார்க்கும்வரை அவர் வேப்பமரத்தடியில் மோர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏற்றுகிற நேரத்தில் பெல்ட் தேய்ந்திருக்கிறது, ஆயிரம் ரூபாய் திருப்பிக் கொடுங்கள் என்றார். அண்ணி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார்.